அட்-ஹாக் க்வெரி: ரிப்போர்ட்டை நாமே எடுப்பதும், அதில் தொகை வீங்குவதும்

"இனிமே ஐடி ஆளுங்களைக் கெஞ்ச வேண்டாம் சார், வேண்டிய ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துக்கலாம்." பிசினஸ் இன்டலிஜென்ஸ் மென்பொருள் (கம்பெனியின் விவரங்களை ரிப்போர்ட்டாக எடுத்துத் தரும் மென்பொருள்) விற்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் இது. பொய் என்று சொல்லிவிட முடியாது. நாலு பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் வரத்தான் செய்கிறது. ஆனால் மென்பொருள் வந்து சில மாதம் ஆனதும், மாத இறுதி மீட்டிங்கில் சேல்ஸ் மேனேஜர் ஒரு விற்பனைத் தொகையைச் சொல்வார், ஃபைனான்ஸ் மேனேஜர் வேறொன்றைச் சொல்வார். "சிஸ்டத்துல இருந்துதான் எடுத்தேன்" என்பார்கள் இருவரும். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். பழி என்னவோ கடைசியில் மென்பொருள் மேல்தான் விழும்.

இந்த இடத்தில் அடிபடும் பெயர்தான் அட்-ஹாக் க்வெரி. சிலர் அதை டாஷ்போர்டு என்று நினைக்கிறார்கள், சிலர் எக்ஸெல் பிவட் டேபிளின் அண்ணன் என்று நினைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால், அந்த இரண்டு தொகைகளும் ஏன் மோதுகின்றன என்பது விளங்கிவிடும். புரோகிராமிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## மொய் நோட்டில் ஒரு கேள்வி

மதுரை, தேனிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, இன்னொருவர் மொய் எழுதுகிறார். ஒரு மொய்க்கு ஒரு வரி: ஊர், பெயர், தொகை. பந்தி முடிந்ததும் நோட்டைக் கூட்டி வீட்டுக்காரரிடம் மொத்தத்தைச் சொல்வார்கள். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான், யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கம்பெனியில் மாதாமாதம் ஒன்றாம் தேதி மெயிலில் வந்து நிற்கும் ரிப்போர்ட் இந்த வகை. இதை நிலையான ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நேரம் பார்த்து தாய்மாமா கேட்கிறார்: "உசிலம்பட்டியில இருந்து எவ்வளவு வந்துச்சு?" நோட்டில் அதற்கென்று தனிப் பக்கம் கிடையாது. ஆனால் விவரம் உள்ளே இருக்கிறது. விரலை வைத்து வரி வரியாக இறங்கி, உசிலம்பட்டி என்று எழுதிய வரிகளை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் பதில் வந்துவிடும். யாரும் முன்கூட்டித் தயாரித்து வைக்காத ஒரு கேள்வியை, ஏற்கெனவே இருக்கும் விவரத்தின் மேல் அப்போதைக்கு அப்போது கேட்பது. அட்-ஹாக் க்வெரி என்பது இவ்வளவுதான்.

மாமா கேட்டதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வேண்டாத வரிகளைத் தள்ளுவது ஒன்று, அதற்குப் பெயர் ஃபில்டர். மிச்சத்தைக் கூட்டுவது இன்னொன்று. "எந்தெந்த ஊரில் இருந்து எவ்வளவு?" என்று அவர் கேட்டிருந்தால் மூன்றாவதாக ஒரு வேலை சேரும். வரிகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குவியலையும் தனியாகக் கூட்ட வேண்டும். அது குரூப். அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்றில் தப்பு நடப்பதும் குறைவு.

அத்தை கேட்கும் கேள்விதான் வில்லங்கம். "மூத்தவ கல்யாணத்துக்கு எழுதினவங்கள்ல இப்ப யார் யார் எழுதலை?" இதற்கு ஒரு நோட்டு போதாது. பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊரையும் பெயரையும் கொண்டு வரிக்கு வரி பொருத்த வேண்டும். இரண்டு பட்டியல்களைப் பொதுவான ஒரு விவரத்தால் இப்படிப் பொருத்துவதற்கு ஜாயின் என்று பெயர். தலைவலி எல்லாம் ஆரம்பிப்பது இங்கேதான்.

இதுவரை பார்த்தது: நிலையான ரிப்போர்ட் முன்பே தீர்மானித்த கேள்விக்குப் பதில். அட்-ஹாக் க்வெரி அந்த நேரத்துக் கேள்விக்குப் பதில். ஃபில்டர், குரூப், கூட்டல், ஜாயின் என்ற நான்கும் அதன் கைகால்கள்.

## பட்டனுக்குப் பின்னால்

கம்பெனியின் ஈஆர்பி மென்பொருளில் (கொள்முதல், ஸ்டாக், விற்பனை, கணக்கு என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருளைத்தான் ஈஆர்பி என்கிறோம்) இந்த நோட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் டேபிள் என்று பெயர். வாடிக்கையாளர் ஒரு டேபிள், ஆர்டர் ஒரு டேபிள், ஆர்டருக்குள் இருக்கும் பொருட்கள் வேறொரு டேபிள். இவற்றை எல்லாம் வைத்திருக்கும் கிடங்கு டேட்டாபேஸ்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்.க்யூ.எல். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவல்களை டேபிள்களாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிப்படையில் அங்கேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டதுதான் இந்த மொழியின் முதல் வடிவம். வேடிக்கை என்னவென்றால், அதைப் புரோகிராமர்களுக்கு மட்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கணக்கர்கள், பொறியாளர்கள் மாதிரி கம்ப்யூட்டர் நிபுணர் அல்லாதவர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நடந்தது வேறு. எஸ்.க்யூ.எல். புரோகிராமர்கள் கைக்குப் போனது, கணக்கர்கள் எக்ஸெலுக்குப் போனார்கள். அதே ஐபிஎம்மில் மோஷே ஸ்லூஃப் 1970களின் நடுவில் இன்னொரு வழியைக் காட்டினார். திரையில் வெற்று டேபிளின் படம் வரும், வேண்டிய கட்டத்தில் வேண்டியதை எழுதினால் போதும். இன்றைக்கு நாம் கட்டங்களை இழுத்து விட்டு ரிப்போர்ட் எடுக்கும் திரைகளின் பூர்வீகம் அதுதான்.

ஆக, அட்-ஹாக் க்வெரி கருவி செய்வது மொழிபெயர்ப்பு வேலை. இடது பக்கம் இருக்கும் 'வாடிக்கையாளர் பெயர்' என்பதை நடுவில் இழுத்துப் போடுகிறீர்கள், 'தேதி' என்பதற்கு ஒரு வரம்பு கொடுக்கிறீர்கள், தொகைக்கு 'கூட்டு' என்கிறீர்கள். கருவி அதை எஸ்.க்யூ.எல். வாக்கியமாக எழுதி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது, வந்த பதிலைத் திரையில் அடுக்குகிறது. எழுத்து வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் கேட்க நினைத்ததைத்தான் கேட்டீர்களா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

## ஒரு லட்சம் எப்படி மூன்று லட்சம் ஆகிறது

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தப்பான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

மொய் நோட்டுக்கே ஒரு நிமிடம் போவோம். மொய் எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல, உறவினர்களின் போன் நம்பர் பட்டியலை நோட்டோடு பொருத்துகிறீர்கள். ஒருவருக்கு இரண்டு நம்பர் இருக்கிறது. பொருத்தியதும் அவர் பெயர் இரண்டு வரியில் வரும், வரிக்கு ஒரு நம்பர். அவர் எழுதிய 5,000 ரூபாயும் இரண்டு வரியிலும் வரும். போன் செய்ய மட்டும் என்றால் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்தப் பட்டியலின் தொகைக் கட்டத்தைக் கூட்டினால் அவர் கணக்கில் 10,000 ஆகிவிடும். நோட்டும் சரி, போன் பட்டியலும் சரி. பொருத்திய பிறகு கூட்டியதுதான் கோளாறு.

இதே காட்சி எஸ்.ஏ.பி.யில் (அந்தப் பெயருள்ள நிறுவனத்தின் ஈஆர்பி மென்பொருள்) எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். அங்கே குவிக்வியூவர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. எஸ்.க்யூ.வி.ஐ. என்று தட்டினால் திறக்கும். விற்பனை ஆர்டரின் மேல்விவரம் (யார், எந்தத் தேதி, மொத்தத் தொகை எவ்வளவு) வி.பி.ஏ.கே. என்ற டேபிளில் இருக்கும், ஆர்டருக்கு ஒரு வரி. ஆர்டருக்குள் இருக்கும் பொருட்கள் வி.பி.ஏ.பி. என்ற டேபிளில், பொருளுக்கு ஒரு வரி. இரண்டு டேபிளிலும் நிகரத் தொகைக்கு ஒரு கட்டம் உண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர்: நெட்வர். மேல் டேபிளில் அது முழு ஆர்டரின் தொகை, கீழ் டேபிளில் அந்த ஒரு பொருளின் தொகை.

ஒரு ஆர்டர். மொத்தம் 1,00,000 ரூபாய். அதில் மூன்று பொருட்கள்: 50,000, 30,000, 20,000. இரண்டு டேபிள்களையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்ததும் மூன்று வரிகள் வருகின்றன, பொருளுக்கு ஒன்று. ஆர்டர் எண், வாடிக்கையாளர், தேதி எல்லாம் மூன்று வரியிலும் அப்படியே திரும்ப வரும். மேல் டேபிளின் 1,00,000மும் அப்படியே. கீழ் டேபிளின் தொகையை எடுத்துக் கூட்டியவருக்கு ஒரு லட்சம் கிடைக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மேல் டேபிளின் தொகையை எடுத்தவருக்கு மூன்று லட்சம் கிடைக்கும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது, தர வேண்டிய காரணமும் அதற்கு இல்லை. மூன்று வரிகளைக் கூட்டச் சொன்னீர்கள், கூட்டிவிட்டது.

இதில் கெட்டிக்காரத்தனமான கெடுதல் ஒன்று இருக்கிறது. எல்லா ஆர்டரிலும் ஒரே ஒரு பொருள் இருந்தால் இரண்டு தொகையும் ஒன்றாகவே வரும். சோதித்துப் பார்க்கும்போது சின்ன ஆர்டர்களை வைத்துப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும். பெரிய வாடிக்கையாளர்களின் பல பொருள் ஆர்டர்கள் உள்ளே வந்ததும் தொகை வீங்கும். அதுவும் சீராக வீங்காது. எனவே 'இரண்டால் வகுத்தால் சரியாகிவிடும்' என்று சமாளிக்கவும் வழியில்லை.

இதன் ஒன்றுவிட்ட தம்பி இன்னும் மோசம். ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று ஆர்டர், அவர் இரண்டு தடவை பணம் கட்டியிருக்கிறார். ஆர்டர் டேபிளையும் ரசீது டேபிளையும் வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒரே க்வெரியில் சேர்த்தால், ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு ரசீதோடும் ஜோடி சேரும். மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு வரிகள். ஆர்டர் தொகை இரண்டு மடங்காகும், ரசீது தொகை மூன்று மடங்காகும். எந்த ரசீது எந்த ஆர்டருக்கு என்று சொல்லும் விவரம் நடுவில் இல்லாததால் வருகிற வினை இது. இரண்டையும் தனித்தனி க்வெரியாக எடுத்து, வாடிக்கையாளர் வாரியாக முதலில் கூட்டிவிட்டு, அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் வழி.

சுருக்கமாக: ஜாயின் செய்தால் வரிகள் பெருகலாம். எந்தத் தொகையைக் கூட்டுவதானாலும், அந்தத் தொகை ஆர்டருக்கு ஒன்றா, பொருளுக்கு ஒன்றா என்று முதலில் பாருங்கள். கூட்டப் போகும் பட்டியலில் ஒரு வரி எதைக் குறிக்கிறதோ, தொகையும் அதையே குறிக்க வேண்டும்.

## வராமல் போகும் வரிகள்

பெருகுவது ஒரு பக்கம். காணாமல் போவது இன்னொரு பக்கம். அத்தையின் கேள்விக்கு இரண்டு நோட்டையும் பொருத்தி, இரண்டிலும் இருக்கும் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எழுதாதவர்களின் பெயர் பட்டியலிலேயே வராது. அவர் கேட்டதே அவர்களைத்தான்.

ஜாயினில் இரண்டு வகை அதிகம் புழங்கும். இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தருவது இன்னர் ஜாயின். இடது பக்கத்து வரிகளை எல்லாம் வைத்துக்கொண்டு, வலது பக்கம் ஜோடி இல்லாத இடத்தைக் காலியாக விடுவது லெஃப்ட் அவுட்டர் ஜாயின். நாமாக மாற்றாவிட்டால் பல கருவிகள் முதல் வகையைத்தான் போடும், குவிக்வியூவரும் அப்படியே. இரண்டு டேபிள்களை இணைக்கும் கோட்டின் மேல் ரைட் க்ளிக் செய்து மாற்ற வேண்டும். "இந்த வருஷம் ஆர்டரே கொடுக்காத வாடிக்கையாளர்கள்" பட்டியல் காலியாக வந்தால், வியாபாரம் அமோகம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோட்டை மாற்றிய பிறகும் காலியாக வருவது உண்டு. ஆர்டர் தேதிக்கு 'இந்த வருஷம்' என்று ஃபில்டர் போட்டிருப்பீர்கள். ஆர்டரே இல்லாதவருக்கு ஆர்டர் தேதி ஏது? ஃபில்டர் அவரைத் தள்ளிவிடும்.

## எது விற்பனை?

வரிகள் சரியாக வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சேல்ஸும் ஃபைனான்ஸும் மோதலாம்.

மேலே சொன்ன ஆர்டர் டேபிளில் ஆர்டர் மட்டும்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அதே டேபிளில்தான் கொட்டேஷனும் இருக்கிறது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்குக்கான பதிவும் இருக்கிறது. ஆவண வகை என்ற ஒரு கட்டம்தான் எது எது என்று பிரித்துக் காட்டும். அதில் ஃபில்டர் போடாமல் கூட்டினால், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவரின் கொட்டேஷனும் விற்பனை ஆகிவிடும். திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியும் விடுவோம். பொருள் வேண்டாம் என்று ஆர்டரில் ரத்து செய்தாலும் அந்த வரி டேபிளில் இருந்து அழியாது, ரத்துக் காரணம் என்ற கட்டம் நிரம்பும், அவ்வளவுதான். தொகை அந்தந்த ஆர்டரின் நாணயத்தில் இருக்கும் என்பது இன்னொன்று. டாலர் ஆர்டரையும் ரூபாய் ஆர்டரையும் எக்ஸெலில் இறக்கி ஒரே கூட்டலாகக் கூட்டினால் வருவது எந்த நாட்டுப் பணமும் இல்லை.

ஃபைனான்ஸோ ஆர்டரைப் பார்ப்பதே இல்லை. பில் போட்ட பிறகுதான் அவர்களுக்கு அது விற்பனை. மார்ச் 30ஆம் தேதி வந்த ஆர்டருக்கு ஏப்ரல் 4 பில் போட்டால், ஒருவருக்கு அது போன நிதியாண்டு, மற்றவருக்கு இந்த நிதியாண்டு. இங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. 'விற்பனை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு அளவுகள், அவ்வளவுதான்.

## நடுவில் ஒரு அடுக்கு

ஒவ்வொருவரும் இந்தப் பள்ளங்களை எல்லாம் தெரிந்து வைத்திருப்பது நடக்கிற காரியம் இல்லை. 1990இல் பிரான்சில் பெர்னார் லியோதோவும் தெனி பெயரும் தொடங்கிய பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனம் பிரபலமானது இதற்கு ஒரு வழி சொன்னதால்தான். டேட்டாபேஸுக்கும் பயனருக்கும் நடுவில் ஒரு அடுக்கை வைத்தார்கள், அதற்கு யுனிவர்ஸ் என்று பெயர் கொடுத்தார்கள். எந்த டேபிள் எதோடு எப்படிச் சேர வேண்டும், 'விற்பனை' என்றால் எந்தக் கட்டத்தை எந்த ஃபில்டரோடு கூட்ட வேண்டும் என்பதை எல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை அதில் எழுதி வைத்துவிடுவார். பயனர் பார்ப்பது 'வாடிக்கையாளர்', 'மாதம்', 'விற்பனை' போன்ற பெயர்களை மட்டும். இப்படிப்பட்ட நடு அடுக்குக்குப் பொதுப்பெயர் செமான்டிக் லேயர். அந்த நிறுவனத்தை எஸ்.ஏ.பி. 2007இல் வாங்குவதாக அறிவித்து அடுத்த ஆண்டு தன்னோடு சேர்த்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் தன் பவர் பிஐயில் டேட்டாசெட் என்று அழைத்து வந்ததை 2023இல் செமான்டிக் மாடல் என்று பெயர் மாற்றியது. பெயர்கள் வேறு, யோசனை ஒன்றுதான்.

கருவி வாங்கும் கம்பெனிகள் கஞ்சத்தனம் காட்டும் இடமும் இதுதான். லைசென்ஸுக்குச் செலவழிப்பார்கள். சேல்ஸையும் ஃபைனான்ஸையும் ஒரே அறையில் உட்கார வைத்து 'விற்பனை என்றால் இது' என்று எழுதி வாங்கும் வேலைக்கு மட்டும் நேரம் இருக்காது. அந்த அடுக்கு இல்லாமல் எல்லோருக்கும் நேராக டேபிள்களைத் திறந்துவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குவிக்வியூவர் மாதிரி நேராக டேபிளைத் தொடும் கருவிகள், டேபிளை அறிந்த நாலு பேர் கையில் இருந்தால் போதும்.

இதற்குப் பாதுகாப்பு என்ற காரணமும் உண்டு. டேபிளைத் திறந்தால் சம்பளக் கட்டமும் திறக்கலாம். மாதக் கடைசியில் பில் போட்டுக்கொண்டிருக்கும் அதே டேட்டாபேஸில் ஒருவர் ஐந்து வருட விவரத்தை அள்ளினால் பில் போடுகிறவரின் திரை நின்றுவிடவும் கூடும். அதனால்தான் பல இடங்களில் விவரத்தின் நகலைத் தனி டேட்டாபேஸில் வைத்து, ரிப்போர்ட் எல்லாம் அங்கே எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நகல் நேற்று இரவோடு நிற்கலாம். இன்று காலை வந்த ஆர்டர் அதில் இல்லை என்று ஐடியோடு சண்டை போடுவதில் பயனில்லை.

## அனுப்புவதற்கு முன்

புதிதாக ஒரு க்வெரி எழுதியதும் நேராக மொத்தத்தைப் பார்க்காதீர்கள். பல பொருட்கள் உள்ள, ரத்தும் திரும்பி வந்த சரக்கும் உள்ள ஒரு சிக்கலான ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆர்டர் எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் போட்டு எடுத்து, ஈஆர்பி திரையில் அதே ஆர்டரைத் திறந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பிறகு, ஜாயின் செய்வதற்கு முன் எத்தனை வரி, செய்த பின் எத்தனை வரி என்று பாருங்கள். கூடியிருந்தால் ஏன் கூடியது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். கடைசியாக, கணக்கு முடித்த ஒரு பழைய மாதத்துக்கு ஓட்டி ஃபைனான்ஸ் தொகையோடு பொருத்துங்கள். வித்தியாசம் வந்தால் பரவாயில்லை, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சரி.

எக்ஸெலுக்கு இறக்கும்போது அதற்கும் ஒரு எல்லை உண்டு என்பது நினைவில் இருக்கட்டும். பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு 65,536 வரிகளோடு நின்றுவிடும், புதியது 10,48,576 வரிகளோடு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வக முடிவுகளைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியபோது எல்லையைத் தாண்டிய வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனதுதான் காரணம். தொற்று கண்டவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே அந்த நிலை.

இப்போது இழுத்துப் போடும் வேலைகூட வேண்டாம், "போன காலாண்டில் கோவைக் கிளை விற்பனை எவ்வளவு?" என்று தட்டினால் ஏஐ பதில் சொல்லும் என்கிறார்கள். சொல்கிறது. உள்ளே அதுவும் எஸ்.க்யூ.எல். எழுதித்தான் கேட்கிறது, அதே ஜாயினைத்தான் போடுகிறது. அப்படிப்பட்ட பல கருவிகளில், எழுதிய எஸ்.க்யூ.எல்.லைக் காட்டச் சொல்லும் ஒரு பட்டன் ஓரத்தில் இருக்கும். அதைத் தட்டி, நெட்வரை எந்த டேபிளில் இருந்து எடுத்திருக்கிறது என்று பார்க்க எஸ்.க்யூ.எல். முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.